மஞ்சள் குடையும் விளக்குமாறும்

ஐப்பசியில் நாலு மழை பெய்துவிட்டால் போதும், வெளிநாட்டு சிநேகிதர்கள் காளான் படம் அனுப்ப ஆரம்பித்துவிடுவார்கள். சிவப்புத் தொப்பி, மேலே வெள்ளைப் பொட்டு. கொள்ளை அழகு, தின்றால் விஷம். கூடவே ஒரு சீண்டல்: "உங்க காஞ்சிபுரத்துல இதெல்லாம் ஏது?" அந்தச் சிவப்புத் தொப்பி பைன், பிர்ச் மாதிரி மரங்களின் வேரோடு கூட்டு வைத்து வாழ்கிற சாதி. காஞ்சிபுரத்துப் பிள்ளையார்பாளையத்தில் பைன் மரத்துக்கு நான் எங்கே போவது?

எங்கள் ஊர் அழகி பூந்தொட்டியில் முளைக்கிறாள். பளீரென்ற எலுமிச்சை மஞ்சள். லூகோகாப்ரினஸ் பிர்ன்பாமியை என்று வாயில் நுழையாத பெயர். வெப்பநாட்டுப் பூஞ்சைதான், ஆனாலும் 1839-இல் கோர்டா என்ற அறிஞர் இதைப் பதிவு செய்தது, குளிர்கொண்ட பிராக் நகரத்துக் கண்ணாடிக் கூடாரத்தில் முளைத்ததைப் பார்த்து! ராத்திரி மழை பெய்தால் விடியும்போது குடை விரித்திருக்கும். தொப்பி மேல் மஞ்சள் துகள், தொட்டால் விரலில் ஒட்டும். விளிம்பில் பாவு இழை ஓடினாற்போல் நெருக்கமாக வரிகள். வெயில் ஏறினால் தண்டு துவண்டு சாய்ந்துவிடும்.

ஆக, படமெடுக்கக் கிடைப்பது காலையில் கொஞ்ச நேரம். வாசல் பெருக்கும் நேரமும் அதுதான். நான் குப்புறப் படுத்துக் கோணம் பார்ப்பதற்குள், "தம்பி, விஷம்ப்பா அது, கொழந்தைங்க இருக்கிற வீடு" என்று பக்கத்து வீட்டு அக்கா விளக்குமாற்றால் ஒரே வீச்சு. விஷம்தான், யார் மறுத்தது? தின்றால் வயிற்றைப் புரட்டும். பார்த்தால் என்ன செய்யும்?

மழையில் தறிக் குழியில் தண்ணீர் ஊறி வேலை நின்றுபோன நாட்களில் என் படங்களைப் பொறுமையாகப் பார்ப்பவர் எதிர்வீட்டு நெசவுக்கார அண்ணன் ஒருவர்தான். "இது மாம்பழ மஞ்சள் இல்லப்பா, ஒரு சாயம் கம்மி" என்று துல்லியமாகச் சொல்வார். ஆகா, ரசிகர் என்று நான் பூரிக்கும்போதே அடுத்த கேள்வி வந்து விழும்: "கொழம்பு வைக்கலாமா?"

இதைவிட வயிற்றெரிச்சல் ஒன்று உண்டு. மஞ்சளைக் கண்டு அலறுகிற அதே சனம், புல்தரையில் கையகலத்துக்கு வெள்ளையாக விரிந்து நிற்பதைப் பார்த்தால் பையைத் தேடுகிறது. வெள்ளைதானே, நல்ல காளானாம்! குளோரோஃபில்லம் மாலிப்டைட்ஸ் என்கிற அந்த வெள்ளைக் குடையின் அடிச்செவுள்கள் இளசில் வெள்ளையாக இருந்து, முற்றினால் பச்சை பாரிக்கும். தின்ற ஒன்றிலிருந்து மூன்று மணி நேரத்துக்குள் வாந்தியும் பேதியும் ஆளைப் புரட்டிப்போடும். வெள்ளிக் காசு கறுக்காவிட்டால் தின்னலாம், பூச்சி அரித்திருந்தால் தின்னலாம், மஞ்சள் போட்டு வேகவைத்தால் விஷம் முறியும் என்று வீட்டுக்கு வீடு ஒரு சோதனை வைத்திருக்கிறார்கள். எல்லாம் கதை. செல்போன் செயலியை நம்பலாம் என்றால், ஒரே காளானை மேலிருந்து எடுத்தால் உண்ணலாம் என்கிறது, கீழிருந்து எடுத்தால் ஆபத்து என்கிறது.

2022 ஏப்ரலில் அசாமில் காட்டுக் காளான் தின்று 13 பேர் செத்தார்கள். உயிரைக் குடிக்கிற அமானிட்டா காளான் வகைகளின் நஞ்சு பெரும்பாலும் ஆறு மணி நேரத்துக்கு மேல் சத்தமில்லாமல் இருந்துவிட்டுத்தான் வேலையைக் காட்டும். நடுவில் வாந்தி நின்று, சரியாகிவிட்டது என்று தோன்றும். உள்ளே ஈரல் போய்க்கொண்டிருக்கும். சமைத்தாலும் அந்த நஞ்சு சாகாது.

ஆகவே, தெருவாசிகளே, தானாக முளைத்ததை நிறம் பார்த்துச் சட்டியில் போடாதீர்கள். யாராவது தின்றுவிட்டால் காத்திருக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள், மிச்சக் காளானையும் ஆஸ்பத்திரிக்குக் கையோடு கொண்டுபோங்கள். அக்கா, நீங்கள் மட்டும் தயவுசெய்து எட்டு மணிக்கு மேல் தொட்டிப் பக்கம் பெருக்குங்கள்.