சுவர் செய்யும் குற்றத்துக்கு இன்னொரு கனெக்‌ஷனா?

மேல்மாடி டீவியில் வீடியோ சுற்றிக்கொண்டே நிற்கிறதா? உடனே பெரிய பெக்கேஜுக்கு மாறுகிறார்கள். அதுவும் சரிவராவிட்டால் மேலே தனியாக இன்னொரு கனெக்‌ஷன். மாதாமாதம் இரண்டு பில். கேட்டால், "பிள்ளைகளுக்குத்தானே சேர்" என்று பதில் வேறு.

நாங்கள் படிப்பிக்கிறவர்கள். வகுப்பில் சொல்வதையே இங்கும் சொல்கிறோம்: விடை எழுத முன்னர் கேள்வியை வாசியுங்கள்.

ஃபோனோடு ரவுட்டருக்குப் பக்கத்தில் நின்று அதே வீடியோவைப் போட்டுப் பாருங்கள். அங்கே ஓடி, மேலே ஓடாவிட்டால் லைனில் பிழையில்லை. இடையில் கம்பி கட்டிப் போட்ட கொங்கிரீட் பிளேட் இருக்கிறது. கிழக்கில் நமது வீடுகள் எப்படி? கீழே உம்மா வாப்பா, மேலே மகளும் மருமகனும். ரவுட்டர் கீழே, டீவி மேலே. எந்தப் பெரிய பெக்கேஜும் அந்தப் பிளேட்டைத் துளைக்காது.

கேபிள் இழுக்க வழியிருந்தால் அதுதான் முதல் தெரிவு. வழியில்லையா? வயர்லெஸ் பிரிட்ஜ் என்றொரு சின்னப் பெட்டி இருக்கிறது. வைஃபையைப் பிடித்து, லேன் கேபிளால் டீவிக்குக் கொடுக்கும். டீவியை நகர்த்த முடியாது; இதைப் படிக்கட்டு வாயிலில், சிக்னல் கிடைக்கிற இடத்தில் வைக்கலாம். கூடுதல் போர்ட் இருந்தால் வைஃபையே இல்லாத பழைய கேம் பெட்டியையும் அதிலேயே கொழுவலாம். ஒருமுறை செலவு, அவ்வளவுதான்.

"பூஸ்டர் போடுங்க" என்று கடையில் சொல்வார்கள். சாதாரண பூஸ்டர் ஒரே அலைவரிசையில் வாங்கித் திருப்பி அனுப்புவதால் வேகம் ஏறக்குறைய பாதியாகிவிடும். இதை யாரும் சொல்லி விற்பதில்லை.

பிரிட்ஜ் டேட்டாவைக் கூட்டித் தராது என்பதையும் சொல்லிவிடுகிறோம். எச்.டி. தரத்தில் ஒரு மணித்தியாலம் படம் பார்த்தால் 3 ஜீபீ வரை போகும். டீவி தடையில்லாமல் ஓடத் தொடங்கினால் பெக்கேஜும் ஓடிவிடும். மாத நடுவில் டேட்டா தீர்ந்தால் நிற்பது நாடகமல்ல, ஓ.எல். எழுதவிருக்கும் பிள்ளையின் ஒன்லைன் வகுப்பு. டீவியில் வீடியோ தரத்தைக் குறைத்து வையுங்கள்.

"பிள்ளைகளுக்குத்தான்" என்று சொல்லி டீவிக்குச் சல்லி கட்டாதீர்கள். அந்த இரண்டாவது பில்லை நிறுத்துங்கள். மிஞ்சுவதில் பிள்ளைக்கு ஒரு மேசையும் கதிரையும் வாங்கிக் கொடுங்கள்.