மிளகெலி

புதுச்சேரி சாரத்திலிருந்து நமது நேயர் ஒருவர் சற்றுக் கோபத்துடனேயே கடிதம் எழுதியிருக்கிறார். மசால்வடைத் துண்டு வைத்த பொறியில் இரவுதோறும் எலி விழுகிறதாம். இந்த லட்சணத்தில், மலைக்காட்டு எலி ஒன்றைக் காப்பாற்ற வேண்டுமென்று படித்தவர்கள் சொல்லுவது அவருக்கு வேடிக்கையாயிருக்கிறதாம். "எலியில் ஏது ஐயா நல்ல எலி?" என்று கேட்கிறார்.

நியாயமான கேள்விதான். ஆனால் அவருடைய பொறியில் விழுவதும், மேற்கு மலைத்தொடரின் மிளகெலியும் ஒரே ஜாதியல்ல. வயல்வரப்பில் சுருண்டு கிடக்கும் முள்ளெலியோடும் இதனைக் குழப்பிக்கொள்ளலாகாது. அது பூச்சி தின்னும் பிராணி, எலி வர்க்கமே அன்று. மிளகெலியின் உடல் சுமார் 13 சென்டிமீட்டர் நீளம். செம்பழுப்பு ரோமத்தினிடையே தட்டையான முட்கள். வாலின் நுனியிலோ வெண்மையான ரோமக் குஞ்சம். கர்நாடகத்தின் தென்பகுதி, கேரளம், தமிழ்நாடு ஆகியவற்றின் மலைக்காடுகளைத் தவிர உலகில் வேறெங்கும் இது கிடையாது. உயிரோடிருக்கும் அதன் நெருங்கிய உறவினரைப் பார்க்க வேண்டுமானால் சீனத்துக்கும் வியட்நாமுக்கும் போகவேண்டும். ஒரு காலத்தில் இக்குடும்பம் ஐரோப்பா வரையில் பரவியிருந்ததென்பதற்குக் கல்லெச்சங்கள் சாட்சி கூறுகின்றன.

1859-ம் வருஷத்தில் கல்கத்தாவிலிருந்த எட்வர்ட் பிளைத் என்னும் அறிஞர் இதற்குச் சாஸ்திரப் பெயர் சூட்டினார். திருவிதாங்கூர் மலைகளில் இதைத் தேடியலைந்தவர் பேக்கர் பாதிரியார். அவர் ஒரே காலையில் பதினாறு எலிகளைச் சேகரித்தாராம்! சேகரித்தவர் அவர் என்று சொன்னாலும், கிளைக்கணுக்களோடு கூடிய நீண்ட மூங்கிலை மரத்தில் கட்டி ஏறி, பொந்தின் வாயை வெட்டிக் கையை விட்டு, கூட்டோடு எலிகளை எடுத்து மரப்பட்டைப் பையில் போட்டுக்கொண்டு இறங்கியவர்கள் மலைவாசிகளே. பழுத்த மிளகைத் தின்று தீர்ப்பதால் மிளகெலி என்று பெயரிட்டவர்களும் அவர்கள்தாம். சாஸ்திரப் புத்தகத்தில் அவர்களில் ஒருவர் பெயரும் ஏறவில்லை. பலாவும் அயினியும் இந்த எலிக்குப் பிரியமான பழங்கள். கூந்தற்பனையில் கட்டிய கள்ளுப்பானையின் மூடியைக் கடித்து உள்ளே இறங்குவதும் உண்டு. பாதி மூழ்கிய நிலையில் இரண்டு எலியார்கள் பானையோடு பாதிரியாரிடம் வந்து சேர்ந்தார்கள்!

மிளகுத் தோட்டக்காரருக்கு இதனால் நஷ்டம் என்பதை நாம் மறைக்கவில்லை. ஆயினும் இதன் சொந்த வீடு தோட்டமன்று, கிழமரத்தின் பொந்து. இலையும் பாசியும் பரப்பிய அந்தப் பொந்து நேற்று நட்ட மரத்தில் அமையாது. திருநெல்வேலி மலையில், களக்காடு முண்டந்துறைப் பகுதியிலுள்ள காக்காச்சியில், வெடிப்பலா மரத்தின் பூவை எந்தெந்தப் பிராணிகள் தின்கின்றன என்று கணேஷ், தேவி என்னும் விஞ்ஞானிகள் கவனித்து 2000-ல் எழுதினார்கள். பழம் அரிதான மாதங்களில் அந்தச் சதைப்பற்றுள்ள பூவே பலருக்கும் ஆகாரம். சிங்கவால் குரங்கு, மலை அணில் முதலியோரின் பந்தியில் நம் எலியாருக்கும் ஓர் இலை உண்டு.

வெடிப்பலாக் காடுகள் எங்கெங்கே எஞ்சியிருக்கின்றன என்பதை அறியச் சாரத்து நேயர் மலையேற வேண்டியதில்லை. அவர் ஊர்க் கடற்கரையருகே, 1955-ல் ஏற்பட்ட பிரெஞ்சு ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அதைச் சேர்ந்த பாஸ்கல் முதலியோர் மேற்கு மலைக் காடுகளைப் படமாக வரைந்திருக்கிறார்கள். தேயிலைக்கும் அணைகளுக்கும் இடங்கொடுத்தது போக மிஞ்சிய காடு துண்டு துண்டாய்க் கிடப்பதை அங்கே காணலாம். துண்டுக்குத் துண்டு தாவ இந்த எலிக்குச் சிறகில்லை. உலக இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தார் அழியக்கூடிய பிராணிகளின் வரிசையில் இதனைச் சேர்த்திருப்பதில் ஆச்சரியமில்லை.

நேயருடைய மசால்வடைப் பொறிக்கு நாம் யாதொரு ஆட்சேபமும் சொல்லவில்லை. அது வழக்கம்போல் நடக்கட்டும்.