‘குடித்திருக்கிறான்’ என்பது நோயறிதல் அல்ல

என் சித்தப்பா ஒப்பந்தத் தூய்மைப் பணியாளர். 41 வயதில் அவருக்கு நடை தள்ளாட ஆரம்பித்தது. விடியற்காலையில் தலைவலி, கூடவே வாந்தி. ‘காலையிலேயே ஊத்திட்டியா?’ என்றார் மேற்பார்வையாளர். மருத்துவமனைக்குப் போனபோது மருத்துவர் கேட்ட முதல் கேள்வியும் ‘தினமும் எவ்வளவு குடிப்ப?’ என்பதுதான். சித்தப்பா குடியை விட்டுப் பல ஆண்டுகள் ஆகியிருந்தன. சொன்னால் நம்ப ஆளில்லை. மாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டார்கள். ஐந்து மாதம் கழித்து, குப்பை வண்டியோடு சாக்கடையில் விழுந்த பிறகுதான் ஸ்கேன் எடுத்தார்கள். சிறுமூளையில் கட்டி.

மெடுலோபிளாஸ்டோமா என்றது பயாப்சி. பெரும்பாலும் குழந்தைகளுக்கு வரும் புற்றுநோய் இது; பெரியவர்களுக்கு வருவது மிக அரிது. ‘அரிய நோய், அதனால்தான் தாமதம்’ என்று எங்களுக்குச் சமாதானம் சொன்னார்கள். அதை நான் ஏற்கவில்லை. நோய்தான் அரிது, அறிகுறிகள் அரிதல்ல. உடலின் சமநிலையைக் காப்பது சிறுமூளை. அங்கே வளரும் கட்டி மூளைநீர் ஓடும் பாதையை அடைத்தால் தலைக்குள் அழுத்தம் கூடும். அதனால்தான் தூங்கி எழும்போது தலைவலியும் வாந்தியும். மருத்துவ மாணவர்கள் எல்லோரும் படிக்கும் பாடம் இது.

இதே தள்ளாட்டத்தோடு ஒரு வங்கி அதிகாரி போயிருந்தால், விரலால் மூக்கைத் தொடச் சொல்லியிருப்பார்கள், நேர்கோட்டில் நடக்கச் சொல்லியிருப்பார்கள், விளக்கடித்துக் கண்ணுக்குள் பார்த்திருப்பார்கள். சில நிமிட வேலை. சித்தப்பாவுக்கு அதுகூட நடக்கவில்லை. என்ன வேலை என்று சொன்னதுமே நோய் முடிவாகிவிட்டது. ஒருவேளை அவர் குடிப்பவராகவே இருந்திருந்தாலும் என்ன? குடிப்பவர் மூளையிலும் கட்டி வரும்.

அறுவை சிகிச்சை நடந்தது. இந்தக் கட்டி முதுகுத்தண்டுக்கும் பரவக்கூடியது என்பதால் அங்கேயும் எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள். பிறகு மூளைக்கும் முதுகுத்தண்டுக்கும் சேர்த்து வாரம் ஐந்து நாள் வீதம் ஆறு வாரம் கதிர்வீச்சு. முதல்வரின் காப்பீட்டுத் திட்டம் இவற்றின் செலவை ஏற்றது. அது பெரிய காரியம், மறுக்கவில்லை. ஆனால் 2021இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட வகைப்பாட்டின்படி, நுண்ணோக்கியில் பார்த்தால் மட்டும் போதாது. கட்டியின் மரபணு மாற்றங்களையும் பார்த்தே வகையைச் சொல்ல வேண்டும். நோய் எப்படிப் போகும் என்று கணிக்கவும் சிகிச்சையைத் திட்டமிடவும் அந்த வகை உதவுகிறது. அந்தப் பரிசோதனையைத் தனியார் ஆய்வகத்தில் செய்ய, சித்தியின் கம்மல் அடகுக்குப் போனது.

ஆறு வாரக் கூலி? அதற்கும் சட்டத்தில் வழி இருக்கிறது. அம்பேத்கர் வைசிராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்த காலத்தில், 1944இல், தொழிலாளர் நலக் காப்பீட்டுக்கான அடார்கர் அறிக்கை வந்தது. 1948இல் இ.எஸ்.ஐ. சட்டமானது. நீண்டகால நோய்கள் 34ஐப் பட்டியலிட்டு, இரண்டாண்டு தொடர்ந்து காப்பீட்டில் இருந்த தொழிலாளிக்குக் கூலியில் 80 விழுக்காட்டை அது தருகிறது. புற்றுநோயும் அந்தப் பட்டியலில் உண்டு. எட்டு ஆண்டு வேலை பார்த்த சித்தப்பாவுக்கு ஒப்பந்ததாரர் இ.எஸ்.ஐ. எண்ணே வாங்கித் தரவில்லை.

ஆகவே நாம் கேட்க வேண்டியவை மூன்று. தள்ளாட்டம், காலைத் தலைவலியோடு வாந்தி, பெரியவர்களுக்கு முதன்முறையாக வரும் வலிப்பு ஆகியவற்றோடு வருபவர் யாராக இருந்தாலும், நரம்பியல் பரிசோதனை செய்யாமல் வீட்டுக்கு அனுப்பக் கூடாது. கட்டிகளுக்கான மரபணுப் பரிசோதனை அரசு மருத்துவமனைகளிலேயே இலவசமாகக் கிடைக்க வேண்டும். தூய்மைப் பணியாளர் ஒவ்வொருவர் கையிலும் இ.எஸ்.ஐ. அட்டை இருக்க வேண்டும். ஒப்பந்த முறை அதற்குத் தடையென்றால் ஒப்பந்த முறை ஒழிய வேண்டும்.

சித்தப்பா உயிரோடு இருக்கிறார். தாமதத்தால்தான் இப்படி ஆனதா என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் இன்றும் ஒரு பக்கம் சாய்ந்துதான் நடக்கிறார். தெரியாதவர்கள் இன்றும் மூக்கைப் பொத்திக்கொண்டு விலகிப் போகிறார்கள். ஸ்கேனில் கட்டியைக் கண்டுபிடித்துவிட்டோம். அந்த விலகலுக்கு வைத்தியம் பார்ப்பது நம் வேலை.