நீருக்கடியில் பழைய தெல்தெனிய

கண்டி மாவட்டச் செயலாளர் அவர்களுக்கு,

தெல்தெனிய என்ற பெயரில் இரண்டு ஊர்கள் உண்டு. ஒன்று மேட்டில், கடைகளும் அலுவலகங்களுமாக இயங்கிக்கொண்டிருக்கிறது. மற்றது விக்டோரியா நீர்த்தேக்கத்துக்குள் கிடக்கிறது. கடும் வறட்சியில் நீர்மட்டம் இறங்கும்போது மட்டும் அதன் இடிபாடுகள் வெளியே தெரியும்.

பழைய ஊர் இருந்தது கண்டிக்குக் கிழக்கே, தும்பறைப் பள்ளத்தாக்கில். நக்கிள்ஸ் மலையிலிருந்து இறங்கும் ஹுலு கங்கை மகாவலியோடு சேர்வது இந்தப் பக்கத்தில்தான். தாழ்வில் நெல்வயல், சரிவில் வீட்டுத்தோட்டம், இடையிடையே புகையிலையும் கொக்கோவும். சுற்றுக் கிராமங்களின் விளைச்சலுக்குத் தெல்தெனியவே சந்தை.

30 ஆண்டுகளுக்கென வகுக்கப்பட்டிருந்த மகாவலித் திட்டத்தை, 1977இல் ஆட்சிக்கு வந்த ஜே. ஆர். ஜயவர்தன அரசு ஆறே ஆண்டுகளில் முடிக்கத் துணிந்தது. பிரித்தானிய நிதியுதவியுடன் 122 மீற்றர் உயர விக்டோரியா வளைவணை எழுந்தது. 1985 ஏப்ரலில் மார்கரெட் தட்சர் வந்து கலந்துகொண்ட விழாவில் அது திறக்கப்பட்டது. அதன் 210 மெகாவாற்று மின்சாரமும் கீழ்நிலங்களுக்குக் கிடைத்த பாசனமும் நாட்டுக்குப் பெரும் பயன். அதில் வாதத்துக்கு இடமில்லை.

ஆனால் அந்த அணையில் தேங்கிய நீர் பழைய தெல்தெனியவை மூழ்கடித்தது. இடம்பெயர்ந்தவர்களில் ஒரு பகுதியினர் அருகிலுள்ள மேட்டுநிலங்களில் தங்கினர். திகன புதுநகராக வளர்ந்தது. மற்றவர்கள் மகாவலி ‘சி’ வலயத்துக்கு, கிராந்துருக்கோட்டைப் பக்கம் போனார்கள். அங்கே குடும்பத்துக்கு இரண்டரை ஏக்கர் வயலும் அரை ஏக்கர் குடியிருப்பு நிலமும் கொடுக்கப்பட்டன. ஏக்கர் கணக்கில் பலருக்கு இலாபம்தான். ஆனால் பலா மரம், அதில் ஏறிய மிளகுக்கொடி, வேலியோரக் கமுகு என்று கண்டி வீட்டுத்தோட்டம் காய்த்துப் பலன் தர ஒரு தலைமுறை பிடிக்கும். உலர்வலயத்து வெயிலில் அதை மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியிருந்தது. திட்டத்தின் சாதனைப் பட்டியல்களில் இந்த இழப்புக்கு ஒரு வரிகூட ஒதுக்கப்படுவது அரிது.

நீர் வற்றும் காலத்தில் இடிபாடுகளைப் பார்க்க வருவோருக்கு எது கடைவீதி, எது வழிபாட்டிடம் என்று தெரிய வேண்டும். நில அளவைத் திணைக்களத்தின் மைலுக்கு ஒரு அங்குலம் என்ற அளவிலான பழைய வரைபடத் தாளைப் பெருப்பித்து, சிங்களம், தமிழ், ஆங்கிலம் ஆகிய மூன்று மொழிகளிலும் பெயர் குறித்து, மகாவலி அதிகார சபையின் அனுமதியோடு கரையில் ஒரு பலகை நிறுத்துவது மாவட்டச் செயலகத்தால் முடியாத காரியமல்ல. பெரிய செலவும் இல்லை.

வீடு, கடை, வயல் வரப்பு போன்றவை அந்தத் தாளில் இராது. அவற்றைச் சொல்ல ஊரவர்தான் வேண்டும். அணை திறந்தபோது 20 வயதாயிருந்தவர்கள் இப்போது 60ஐத் தாண்டிவிட்டார்கள். ஆகவே பலகைக்கு முன்னரே, திகனவிலும் கிராந்துருக்கோட்டையிலும் உள்ள கிராம அலுவலர்கள் மூலம் அவர்களின் நினைவுக் குறிப்புகளைத் திரட்டும் வேலையைத் தொடங்க வேண்டும்.