ஒலிப்பதிவுக் கருவி வாய் திறக்கட்டும்

லூயி பிரெயில் 1829-இல் தம் புள்ளியெழுத்து முறையை நூலாக வெளியிட்டபோது, சொற்களோடு சங்கீதத்தையும் எழுதுவதற்குரிய மார்க்கமாகவே அதை வகுத்திருந்தார். பார்வையற்றவரான அவரே பாரிஸ் தேவாலயங்களில் ஆர்கன் வாசித்தவர். அதற்கு அரை நூற்றாண்டுக்குப் பின், தாம் கண்டுபிடித்த போனோகிராபின் பிரயோஜனங்களை 1878-இல் வரிசைப்படுத்திய எடிசன், பார்வையற்றோருக்குப் படித்துக் காட்டும் புத்தகங்களை அவற்றுள் முதன்மையான ஒன்றாகக் குறிப்பிட்டார். இவ்வாறு பார்வையற்றோருக்குப் பிறவியிலேயே உறவான ஒலிப்பதிவு யந்திரம், அவர்கள் கேட்பதற்கு மட்டும் உதவி, அவர்களே பதிவு செய்ய முற்படும்போது கைவிரிப்பது நியாயமா என்பதே நம் கேள்வி.

கேசட் காலத்தில் இந்த அவதி இத்தனை இல்லை. பொத்தான்கள் ஒவ்வொன்றும் தத்தம் இடத்தில் நிலையாக நின்றன. விரல் அவற்றை அறிந்திருந்தது. பதிவுப் பொத்தான் அழுந்தியிருக்கிறதா என்பதைத் தொட்டே தெரிந்துகொள்ள முடிந்தது. டிஜிட்டல் கருவிகள் வந்தபின், கட்டை விரலளவு திரையும், அதற்குள் அடுக்கடுக்கான மெனுக்களும், ஒரே பொத்தானுக்குச் சமயத்துக்கொரு வேலையும், மேடு பள்ளமற்ற தொடுதிரையும் வந்து சேர்ந்தன. பதிவு ஓடுகிறதா, மெமரி கார்டில் இடமிருக்கிறதா, பேட்டரி எவ்வளவு நேரம் தாங்கும், ஒலியளவு எல்லை மீறிச் சிதைகிறதா என்பனவெல்லாம் கண்ணுக்கு மட்டுமே சொல்லப்படும் செய்திகளாயின. கிராமத்து முதியவர் ஒருவரின் பாட்டைப் பதிவு செய்யச் சென்ற பார்வையற்ற ஒலிபரப்பாளர், கருவி ஓடவேயில்லை என்பதை வீடு திரும்பிய பின் அறிவாராயின், அந்த நஷ்டத்தை யார் ஈடு செய்வது? பக்கத்தில் ஒரு துணையாளை வைத்துக்கொள்ளலாமே என்பார் உண்டு. ஆனால் எங்கே தொடங்குவது, எங்கே வெட்டுவது, எந்தக் குரலைத் தூக்கிக் காட்டுவது என்பதெல்லாம் கலைஞனின் தீர்ப்பு. அதைப் பிறர் கண்ணிடம் ஒப்படைக்கச் சொல்வது, பாடகரிடம் சுருதியைப் பக்கத்து வீட்டுக்காரர் சேர்த்துத் தருவார் என்று சொல்வதற்கு ஒப்பாகும்.

பரிகாரம் அசாத்தியமானதன்று. ஒலிம்பஸ் நிறுவனம் தன் குரல்பதிவுக் கருவிகள் சிலவற்றில் மெனுவைப் பேச்சாகச் சொல்லும் வசதியை முன்னரே தந்தது. ஜப்பானின் ஜூம் நிறுவனம் 2024-இல் வெளியிட்ட எச்1, எச்4, எச்6 எசென்ஷியல் கருவிகள் மெனுவையும் அமைப்புகளையும் வாய்விட்டுச் சொல்லுகின்றன. 32-பிட் ஃப்ளோட் முறையில் பதிவதால், அளவு காட்டும் பட்டையைக் காண முடியாதவரும் ஒலியின் ஏற்றத்தாழ்வைப் பிறகு சீராக்கிக்கொள்ளலாம். மைக்கே தாங்காத அளவுக்கு ஒலி மிகுந்தாலொழிய பதிவு கெடாது. கணினியில் தொகுப்பதற்கோ, ஆஸ்திரேலியாவில் பார்வையற்றோர் இருவர் 2006-இல் தொடங்கிய என்விடிஏ என்னும் இலவசத் திரைவாசிப்பான் இருக்கிறது. அவர்களுள் ஒருவரான ஜேம்ஸ் டே தொடங்கிய ஒசாரா என்னும் நீட்சி, ரீப்பர் என்னும் ஒலித்தொகுப்பு மென்பொருளில் முழுத் தொகுப்பு வேலையையும் விசைப்பலகையாலும் செவியாலும் செய்ய வழி வகுக்கிறது.

ஆகவே, செலவு அதிகமாகுமே என்ற ஆட்சேபத்தை நாம் ஏற்பதற்கில்லை. ஒலியைச் சேமிக்க நினைவகமும், ஒலிக்க ஸ்பீக்கரும், கேட்க ஹெட்போன் துளையும் ஏற்கெனவே பெற்றுள்ள யந்திரத்தைவிடப் பேசுவதற்குத் தகுதி வாய்ந்த யந்திரம் வேறு யாது? வாங்குவோர் தொகை சொற்பம் என்பதும் சரித்திரம் அறியாதார் வாதம். கண்ணொளி இழந்திருந்தும் புல்லாங்குழலைக் கர்நாடக சங்கீத மேடையில் கௌரவமான ஆசனத்தில் அமர்த்திய கும்பகோணம் சரப சாஸ்திரிகள் முதல் அமெரிக்காவின் ஸ்டீவி வொண்டர் வரை, இசை பார்வையற்றோரின் தொழிலாகவே இருந்து வந்திருக்கிறது. 2016-இல் கிராமி மேடையில், பிரெயிலில் எழுதப்பட்ட அட்டையை விரலால் படித்துப் பரிசை அறிவித்த வொண்டர், மாற்றுத்திறனாளிகள் ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு பொருளும் எட்டும்படி செய்ய வேண்டுமென்று கேட்டதும் தமக்காக மட்டுமல்ல.

கருவிகளைப் பேசவைப்பதை உற்பத்தியாளரின் தாட்சண்யத்துக்கு விட்டுவிட்டால், இந்த ஆண்டு பேசும் கருவி அடுத்த ஆண்டு ஊமையாகலாம். நம் நாட்டின் 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 42-ஆம் பிரிவு, அன்றாடப் பயன்பாட்டுக்குரிய மின்னணுச் சாதனங்கள் எல்லோரும் கையாளத்தக்க வடிவமைப்பில் கிடைக்கச் செய்யும் கடமையை அரசின் மீது சுமத்துகிறது. அணுகல் விதிகள் வெறும் பரிந்துரையாக நின்றால் போதாது, கட்டாயமாக்கப்பட வேண்டும் என்று உச்ச நீதிமன்றமும் 2024 நவம்பரில் தீர்ப்பளித்துவிட்டது. ஒலிப்பதிவுக் கருவி அன்றாடச் சாதனமா என்று அதிகாரிகள் ஐயுறுவார்களாயின், அதனால் பிழைப்பு நடத்துவோரைக் கேட்டுத் தெளியட்டும்.

மத்திய அரசு வகுக்கும் விதிகளில் ஒலிப்பதிவுக் கருவிகளைப் பெயர் சொல்லியே சேர்க்க வேண்டும். குரல் வழிகாட்டி தமிழிலும் பிற இந்திய மொழிகளிலும் அமைய வேண்டும். அதுவரை காத்திராமல், அகில இந்திய வானொலியும், அரசு இசைக் கல்லூரிகளும், சமுதாய வானொலி நடத்தும் பல்கலைக்கழகங்களும், பேசாத கருவியை இனி வாங்குவதில்லை என்ற நிபந்தனையைத் தங்கள் ஒப்பந்தப்புள்ளிகளில் இன்றே எழுதிவிடலாம். அதற்குப் புதிய சட்டம் எதுவும் தேவையில்லை.