எல்லைத் தமிழர் வாக்கும் கட்சிகளின் கணக்கும்

அமெரிக்க அதிபர் தேர்தல் 50 மாநிலங்களிலும் நடக்கிறது. ஆனால் முடிவைத் தீர்மானிப்பவை ஏழெட்டு மாநிலங்களே. 2024 தேர்தலில் அத்தகைய 7 மாநிலங்களையும் டொனால்டு டிரம்ப் கைப்பற்றினார். எந்தப் பக்கமும் சாயக்கூடிய இம்மாநிலங்களுக்குத் தலைவர்கள் திரும்பத் திரும்பச் செல்வதோடு நிற்பதில்லை. அவற்றுக்காகக் கொள்கைகளையே மாற்றிக்கொள்கின்றனர். பாறையைப் பிளந்து எரிவாயு எடுப்பதைத் தடை செய்வதாக 2019-ல் கூறிய கமலா ஹாரிஸ், அத்தொழில் வேரூன்றிய பென்சில்வேனியாவின் வாக்குகள் தேவைப்பட்ட 2024-ல் அந்த நிலையைக் கைவிட்டார்.

நம் நாட்டில் குடியரசுத் தலைவரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுப்பதில்லை. ஆனால் சில ஆயிரம் வாக்குகளில் வெற்றி கைமாறும் பகுதிகளைக் குறிவைத்துக் காய் நகர்த்தும் கலை நம் கட்சிகளுக்கும் நன்கு தெரியும். அதற்குக் கேரளத்தின் பாலக்காடு, இடுக்கி எல்லைப் பகுதிகளைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது. பாலக்காடு மக்களவைத் தொகுதியில் 2009-ல் மார்க்சிஸ்ட் வேட்பாளர் எம்.பி. ராஜேஷ் வெறும் 1,820 வாக்குகளில் வென்றார். 2019-ல் அதே தொகுதியை 11,637 வாக்குகளில் காங்கிரஸின் வி.கே. ஸ்ரீகண்டன் பறித்தார். இடுக்கியில் கஸ்தூரிரங்கன் அறிக்கைக்கு எதிரான மலையோர மக்களின் கோபத்தில் 2014-ல் இடதுசாரி ஆதரவு பெற்ற சுயேச்சை ஜாய்ஸ் ஜார்ஜ் வென்றார். 2019-ல் 1,71,053 வாக்கு வித்தியாசத்தில் அத்தொகுதி காங்கிரஸுக்குத் திரும்பியது.

தமிழர் வாக்கைத் தேடி மலையேறுவது புதிய வழக்கமல்ல. 1957-ல் தேவிகுளத்தில் கம்யூனிஸ்ட் கட்சியின் ரோசம்மா புன்னூஸ் பெற்ற வெற்றி செல்லாது என்று தீர்ப்பாகி, 1958-ல் இடைத்தேர்தல் வந்தது. 126 உறுப்பினர்கள் கொண்ட அவையில் 60 கம்யூனிஸ்டுகளையும் 5 சுயேச்சைகளையும் நம்பியிருந்த இ.எம்.எஸ். அரசுக்கு அது மானப் பிரச்சினை. பண்ணைப்புரத்துப் பாவலர் வரதராஜன் எஸ்டேட் எஸ்டேட்டாகப் பாடி வாக்கு சேகரித்தார். ரோசம்மா மீண்டும் வென்றார். தேயிலைத் தொழிலாளியை அவரது தாய்மொழியில் அணுகினால் வெற்றி கிட்டும் என்ற பாடத்தை அன்றே கட்சிகள் கற்றுக்கொண்டன.

ஆனால் வாக்குக் கேட்கும்போது பேசும் தமிழ், வென்ற பிறகு மறந்துபோகிறது என்பதே எல்லைத் தமிழரின் மனக்குறை. தனித்தொகுதியான தேவிகுளத்தில் 2016-ல் மார்க்சிஸ்ட் கட்சியின் எஸ். ராஜேந்திரன் 5,782 வாக்கு வித்தியாசத்தில் வென்றார். அங்கு அ.தி.மு.க. பெற்ற வாக்குகளோ 11 ஆயிரத்துக்கும் மேல். அதாவது, மூன்றாவது இடம் பெற்ற கட்சியின் வாக்குகள், வெற்றி வித்தியாசத்தைப் போல் ஏறத்தாழ இரு மடங்கு. இத்தகைய பேரம் பேசும் வலிமை உள்ள வாக்காளர்களுக்குக் கிடைத்தது என்ன?

2015 செப்டம்பரில் போனஸ் 20 சதவீதத்திலிருந்து 10 சதவீதமாகக் குறைக்கப்பட்டபோது, மூணாறில் பெண் தொழிலாளர்கள் தொழிற்சங்கத் தலைவர்களை ஒதுக்கிவைத்துவிட்டுத் தாமே சாலையில் அமர்ந்தனர். "பெண்கள் ஒற்றுமை" என்ற அந்த இயக்கம், எல்லாக் கட்சிகளின் சங்கங்களுக்கும் எதிரான தீர்ப்பு. 2020 ஆகஸ்டில் பெட்டிமுடி நிலச்சரிவு 70 உயிர்களைப் பலி கொண்டபோது, தொழிலாளர் குடும்பங்கள் எத்தகைய லயன் வீடுகளில் வாழ்கின்றன என்பதை நாடே கண்டது. ஓய்வு பெற்றால் அந்த வீடும் சொந்தமில்லை.

சாதிச் சான்றிதழ் இன்னொரு சிக்கல். 1950-க்கு முன்பே குடும்பம் கேரளத்தில் குடியேறியதை நிரூபித்தால்தான் பட்டியல் சாதியினருக்கான உரிமை கிடைக்கும். 2021-ல் 7,848 வாக்குகளில் வென்று, பேரவையில் தமிழில் உறுதிமொழி ஏற்ற ஏ. ராஜாவின் தேர்தலையே கேரள உயர் நீதிமன்றம் 2023-ல் செல்லாது என்றது. 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம்தான் அந்த வெற்றியைக் காப்பாற்றியது. பேரவை உறுப்பினரே இவ்வளவு போராட வேண்டியிருந்தது என்றால், தோட்டத் தொழிலாளியின் மகன் கல்லூரிச் சேர்க்கைக்கு எங்கே போவான்?

பாலக்காட்டின் கிழக்கு எல்லையில் நிலைமை வேறு. சித்தூர், கொழிஞ்சாம்பாறைப் பகுதிகளின் தமிழ் பேசும் விவசாயிக்கு முதல் கவலை தண்ணீர். 1970-ல் கையெழுத்தான பரம்பிக்குளம்-ஆழியாறு ஒப்பந்தப்படி ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. நீர் சித்தூர்ப்புழைக்கு வர வேண்டும். அதைத் தமிழகம் முழுமையாகத் தர வேண்டும் என்று கேட்பவர்களில் தமிழர்களும் உண்டு. இந்த நீர்ப் பிரச்சினையைத் தொடர்ந்து பேசிவந்த மதச்சார்பற்ற ஜனதா தளத்தின் கே. கிருஷ்ணன்குட்டி 2016, 2021 தேர்தல்களில் சித்தூரில் வென்றார். நீர்வளத் துறை அமைச்சராகவும் இருந்தார். ஒரு கோரிக்கையைச் சுற்றி வாக்குகள் திரண்டால் அரசில் குரல் கிடைக்கும் என்பதற்கு இதுவே உதாரணம்.

"தமிழர் வாக்கு" என்று ஒரே மூட்டையாகக் கட்டிப் பார்ப்பதுதான் கட்சிகளின் முதல் தவறு. முல்லைப் பெரியாறு விவகாரத்தில் அது இன்னும் அப்பட்டமாகத் தெரிகிறது. புதிய அணை கோரி இடுக்கி உறுப்பினர் டீன் குரியகோஸ் மக்களவையில் குரல் எழுப்புகிறார். தமிழகத்தின் காங்கிரஸ், இடதுசாரி உறுப்பினர்கள் பழைய அணையின் உரிமைக்காகப் பேசுகின்றனர். ஒரே கட்சிக்குக் குமுளியின் இந்தப் பக்கம் ஒரு கொள்கை, அந்தப் பக்கம் வேறொரு கொள்கை. 2011 டிசம்பரில் இந்தச் சர்ச்சை முற்றியபோது அச்சத்தில் வாழ்ந்தவர்கள் எல்லையோரத் தொழிலாளர்களே.

தமிழகக் கட்சிகளும் பொறுப்பிலிருந்து தப்ப முடியாது. 2021-ல் தேவிகுளத்தில் அ.தி.மு.க. வேட்பாளரின் மனு தள்ளுபடியானது. தமிழகத்தில் காங்கிரஸையும் இடதுசாரிகளையும் ஒருசேரத் தோளில் சுமந்து 2019, 2021, 2024 தேர்தல்களைச் சந்தித்த தி.மு.க.வால், அவ்விரண்டும் மோதும் கேரளத்தில் வாய் திறக்க இயலவில்லை.

வாக்குப்பதிவு நெருங்கினால் இரட்டை வாக்குப் புகார் கிளம்புவதும் வாடிக்கை. இரண்டு இடங்களில் பெயர் இருப்பது சட்டப்படி தவறு. அதில் இரு கருத்தில்லை. ஆனால் ஓய்வுக்குப் பின் எங்கே வசிப்போம் என்பதே தெரியாத தொழிலாளி, தேனி மாவட்டத்துச் சொந்த ஊர் முகவரியை விட்டுவிடத் தயங்குவது ஏன் என்று எந்தக் கட்சியும் கேட்பதில்லை. வீட்டுமனைப் பட்டா கொடுத்தால் பாதிப் புகார்கள் தாமாகவே மறையும்.

அமெரிக்காவின் ஊசலாடும் மாநில வாக்காளர், தன் வாக்கின் விலையைக் கொள்கையாக வசூலிக்கிறார். எல்லைத் தமிழர் இதுவரை மேடைத் தமிழை மட்டுமே பெற்றிருக்கிறார். சொந்த நிலத்தில் வீடு, தடையற்ற சாதிச் சான்றிதழ், கேரள ஆட்சிமொழிச் சட்டம் 1969-லேயே வழங்கிய தமிழில் அரசுடன் தொடர்புகொள்ளும் உரிமை ஆகியவற்றை எழுத்தில் உறுதியளிக்காத கட்சிக்கு வாக்கில்லை என்று இரு அணிகளிடமும் அவர்கள் சொல்ல வேண்டும். சில ஆயிரம் வாக்குகளில் வெற்றி தீர்மானமாகும் இடத்தில், அந்தச் சொல்லைக் கேட்காமல் இருக்க எந்தக் கட்சிக்கும் துணிவிருக்காது.