பாயசத்துக்கு வரிசை, ஆயா சம்பளத்துக்கு யாருமில்லை

“முதியோருக்குக் கொடுப்பது விழலுக்கு இறைத்த நீர். அதே பணத்தில் ஒரு குழந்தையைப் படிக்க வைத்தால் ஐம்பது வருஷத்துக்குப் பலன்.” கொடையாளர்கள் கூடும் இடங்களில் அடிக்கடி கேட்கிற பேச்சு இது. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்தக் கணக்கில் வீட்டிலுள்ள மற்றவர்களைச் சேர்க்கவே இல்லை.

கண்புரை முற்றிய பாட்டியைக் கழிப்பறைக்குக் கைபிடித்து அழைத்துப் போவது யார்? மருமகள்; அவள் வேலைக்குப் போயிருந்தால், பள்ளிக்கூடத்தில் இருக்க வேண்டிய பேத்தி. பாட்டிக்குப் பார்வை வந்தால் பேத்தி பள்ளிக்குப் போகலாம். டாக்டர் வெங்கடசாமி 1976இல் மதுரையில் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். அப்போது அவரே அரசுப் பணியிலிருந்து ஓய்வுபெற்றவர். அதன் அங்கமாக, கொடையாளர் துணையோடு, 1992இல் ஆரோலேப் என்ற உற்பத்திக்கூடம் உருவானது. கண்புரை அறுவையில் பொருத்தும், ஏழைகளுக்கு எட்டாதிருந்த விழிலென்ஸை உள்ளூரிலேயே செய்து பல மடங்கு விலை இறக்கியது. விழலுக்கா இறைத்தார்கள்?

“வெளியார் உதவினால் பிள்ளைகள் கைகழுவிவிடுவார்கள்” என்பது அடுத்த வாதம். பெற்றோரைப் பராமரிக்கப் பிள்ளைகளைக் கட்டாயப்படுத்தும் சட்டம் 2007லேயே வந்துவிட்டது. மறதிநோய் கண்ட மாமனாரைத் தனியே விட முடியாமல் வேலையை விட்ட மருமகளிடம் அந்தச் சட்டத்தைக் காட்டி என்ன ஆகப்போகிறது? தெருக்கோடியில் ஒரு பகல்நேரப் பராமரிப்பு மையம் இருந்தால் அவள் வேலைக்குப் போவாள். பெரியவர் சாயங்காலம் வீட்டுக்கே வந்துவிடுவார்.

அரசு உதவித்தொகை இருக்கிறதே என்பார்கள். 79 வயது வரை மத்திய அரசு தருவது மாதம் 200 ரூபாய். தமிழக அரசு தன் பங்கைச் சேர்த்து 1,200 ஆக்கியிருக்கிறது. அதாவது நாளுக்கு 40 ரூபாய்.

இவற்றைவிட என்னை உறுத்துவது வேறொன்று: “சாப்பாடு போடுகிறோம், சம்பளம் மட்டும் கேட்காதீர்கள், அது நிர்வாகச் செலவு.” மகாளய அமாவாசையன்று முதியோர் இல்லங்களில் அன்னதானத்துக்கு வரிசை நிற்கிறது. சர்க்கரை நோயாளிக்கு ஒரே நாளில் இரண்டு வீட்டுப் பாயசம். பிள்ளையின் பிறந்தநாளுக்கும் அப்படியே. அன்று ராத்திரி படுக்கையை நனைத்துக்கொண்டவரைப் புரட்டித் துணி மாற்ற ஆள் வேண்டும். மறுநாளும் வேண்டும். படுக்கைப் புண் அமாவாசை பார்த்து வருவதில்லை. சக்கர நாற்காலியின் முதுகில் நன்கொடையாளர் பெயரை எழுதலாம், ஆயாவின் முதுகில் எழுத முடியாது. சிக்கல் அங்கேதான் என்று எனக்குச் சந்தேகம்.

நிறுவனங்களோ சம்பளத்துக்குத் தராததற்குச் சட்டத்தின் மேல் பழி போடுகின்றன. குறிப்பிட்ட அளவுக்கு மேல் சம்பாதிக்கும் நிறுவனங்கள் மூன்றாண்டுச் சராசரி நிகர லாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும் என்கிறது 2013ஆம் ஆண்டின் கம்பெனிச் சட்டம். அதன் ஏழாம் அட்டவணை முதியோர் இல்லங்களையும் பகல்நேர மையங்களையும் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. நிர்வாகச் செலவுக்கு 5 விழுக்காடு உச்சவரம்பு இருப்பது உண்மை. ஆனால் அது நிறுவனம் தன் அலுவலகத்தில் இந்தப் பணியை நிர்வகிக்க ஆகும் செலவுக்கான வரம்பு. திட்டத்தை நடத்த நேரடியாக ஆகும் செலவு அதில் சேராது என்று விதியிலேயே இருக்கிறது. ராத்திரி துணி மாற்றும் ஆயாவின் சம்பளம் வேறெந்தச் செலவாம்?